வால் நீண்ட லொறி

தேயிலைப் பெட்டியின் தகர ஓரம் எப்போதும் ஒரே இடத்தில்தான் கடிக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, காய்த்துக் கறுத்துப்போன அந்த இடத்தில். லுணுகலைக்கு மேலே இருந்த தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரின் வாசலில், காலையில் ஆள்களைக் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கும் முன்பே, பனியில் நனைந்த சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லோடு ஏற்றுகிறவர்கள் நடந்தார்கள். பெட்டியைத் தோளில் வாங்கு, பலகையில் ஏறு, இறக்கு, திரும்பு. மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. வயிற்றில் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி மட்டும் இருக்கும்போது பேச்சு எங்கிருந்து வரும்?

அடைக்கலம் கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுக் கீழே குதித்தான். மற்றவர்களுக்கு வேலை முடிந்தது. அவனுக்கு இனிமேல்தான். பின்சக்கரத்தடியில் கிடந்த பலாமரக் கட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தான். ஆப்பு மாதிரிச் செதுக்கிய கட்டை. அதன் தலையில் ஒரு கயிறு. சரிவில் லொறி பிடிக்கு அடங்காமல் ஓடினால் டிரைவர் "கட்டை!" என்று கத்துவார். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் தொற்றிக்கொண்டு வருகிற இரண்டு பேரும் குதித்து, கூடவே ஓடி, சக்கரத்துக்கு முன்னால் கட்டையைத் தள்ள வேண்டும். லொறி நின்று மூச்சு வாங்கிய பிறகு கயிற்றைப் பிடித்துக் கட்டையை இழுத்துக்கொள்ளலாம். இழுத்ததும் லொறி மறுபடி ஓடும்.

திருச்சிப் பக்கத்து ஊரில் அடைக்கலத்தின் அப்பன் தேருக்குக் கட்டை போட்டவர். அந்தச் சேதி தெரிந்துதான் லொறியின் முதலாளி இவனை இந்த வேலைக்கு எடுத்தார். ஆனால் தேர் வருசத்துக்கு ஒரு நாள் ஓடும். ஆயிரம் பேர் வடம் பிடித்து அன்னநடை போடும். இந்த லொறி நாள் தவறாமல் ஓடியது. அடைக்கலத்துக்கும் நாள் தவறாமல் பயம் வந்தது. முப்பது வயதுக்காரன், நல்ல திடகாத்திரம், இருந்தும் ஒவ்வொரு சரிவின் தலைப்பிலும் அவனுக்கு ஒன்றுக்கு வந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவன் ஒரு பயந்தாங்கொள்ளி. பயப்படாதவன் அந்த வேலையில் உயிரோடு இருக்க மாட்டான் என்பதும் உண்மைதான்.

"என்ன மச்சான், ரோதைமுனிக்குச் சூடம் கொளுத்திட்டியா?" என்று மறுபக்கத்திலிருந்து கேட்டான் வீரசிங்கம். இடப்பக்கத்துக் கட்டைக்காரன் அவன். எதற்கும் சிரிக்கிறவன்.

"கொளுத்திட்டேன்."

"பெறகென்ன? ஸ்டோர் ரோதைச் சக்கரத்தையே காக்குற சாமி, நம்ம நாலு சக்கரத்தைக் காக்காதா?"

லொறியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது கடையில் வாங்கிய லொறியல்ல. பெரிய சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துப்போட்ட வண்டியொன்றைப் பதுளைக் கடைத்தெரு அரிசி வியாபாரி சண்முகராஜா முதலாளி கொழும்பு ஏலத்தில் எடுத்து வந்தார். பதுளைக்கு ரயில் வந்த புதிது. தோட்டத்துத் தேயிலையை ஸ்டேசனில் சேர்க்கிற காண்ட்ராக்டு அவர் கையில் இருந்தது. பட்டாளத்து வண்டியில் ஏறுகிற பெட்டி அவருக்குப் போதவில்லை. கொல்லனையும் தச்சனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பின்சக்கரத்துக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தை ஒட்டுப்போட்டு நீட்டினார். அதன்மேல் பலகை அடித்து, மயில் படம் எழுதி, பொட்டு வைத்துத் தெருவில் விட்டார். ஆட்டுக்கு வாலை அளந்துதான் வைத்திருக்கிறான் ஆண்டவன். சண்முகராஜா முதலாளிக்கு அந்த அளவு பிடிக்கவில்லை. அந்த நீண்ட வாலில் ஏறுகிற பெட்டிகள்தான் அவருடைய லாபம்.

அதன் பிரேக்கு ஆரம்பத்திலிருந்தே நோஞ்சான்தான். போதாததற்கு, மிதித்தால் கத்தும். பன்றியைக் கட்டிப்போட்டு அறுப்பது போல ஒரு கிறீச்சு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். ஒரு நாள் தோட்டத்துத் தொரையே காதைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட, முதலாளிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அந்தச் சத்தத்தை நிறுத்துங்கடா!" என்று சீறிவிட்டுப் போனார்.

கத்துகிற சக்கரத்துக்கு என்ன மருந்து? மாட்டுவண்டி ஓட்டியவன், தேர் இழுத்தவன், யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். அடைக்கலம் ஒரு குப்பி விளக்கெண்ணெய் வாங்கிவரச் சொன்னான். வீரசிங்கம் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிக் கொடுத்தான். சத்தம் வந்த இடமெல்லாம் தேடித் தேடி அடைக்கலம் எண்ணெயை விட்டான். அன்றைக்கு, எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற டிரைவர் மஹ்ரூப் வீட்டில் விசேசம், அவர் வேலைக்கு வரவில்லை. மறுநாள் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் அடைக்கலத்தின் முதுகில் தட்டினார்கள். முதலாளி ஒரு சுருட்டுக்கூடக் கொடுத்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும், மஹ்ரூப் தொழுகைக்குப் போன நேரத்தில், எண்ணெய் விடுவது வழக்கமாகவே போயிற்று.

அந்தப் பனிக்காலைப் பயணத்தில் பதுளை கண்ணுக்குத் தெரிகிற சரிவு வரைக்கும் வந்துவிட்டார்கள். சவுக்குமர முடக்கு வளைவில் மழைத் தூறல். மஹ்ரூப் பிரேக்கை மிதித்தார். மிதி பலகையோடு பலகையாகப் போய்ப் படுத்துக்கொண்டது. கைப்பிரேக்கை இழுத்தார். அதுவும் பேருக்குத்தான்.

"கட்டை! கட்டை!"

அடைக்கலம் குதித்தான். ஓடினான். கண்முன்னே சக்கரம் மட்டும்தான் இருந்தது. கட்டையைத் தள்ளினான். அது கவ்வியது. வலப்பக்கச் சக்கரம் ஏறித் திணறி நின்றது. இடப்பக்கம் ஈரக் கல்லில் வீரசிங்கத்தின் கட்டை வழுக்கியது. அதைக் காலால் உதைத்து உள்ளே தள்ளினான் வீரசிங்கம். கட்டையோடு காலும் போயிற்று. லொறி ஒரு பக்கமாகச் சுழன்று, மண்மேட்டில் முட்டி நின்றது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. அடைக்கலம் சாகும்வரை அது அவன் காதில் இருந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் வீரசிங்கத்தின் காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். முதலாளி சம்பவ இடத்துக்கு வந்தார். முதலில் மயில் படத்தைப் பார்த்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார். பிறகுதான், "கட்டை போடத் தெரியாதவனெல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வர்றான்?" என்றார்.

லொறியைக் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்கு இழுத்து வந்து, மஹ்ரூப் பின்சக்கரத்தைக் கழற்றினார். அடைக்கலம் விளக்குப் பிடித்தான். சக்கரத்தின் உள்வட்டத்தைப் பிடித்து நிறுத்துகிற பட்டை இரண்டும் உள்ளே இருந்தன. மஹ்ரூப் விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார்.

"இது இஞ்சின் எண்ணெ இல்லியே. விளக்கெண்ணெ வாடை அடிக்குது."

அடைக்கலம் விளக்கைச் சட்டென்று தாழ்த்தினான். மஹ்ரூப் அவனை ஏறிட்டுப் பார்த்தார். நாலு குழந்தைக்காரர், அதிகம் பேசாதவர்.

"தம்பி, அச்சாணிக்கு எண்ணெ போடலாம். பிடிக்கிற பட்டைக்குப் போட்டா அது எப்பிடிப் பிடிக்கும்? வழுக்கிக்கிட்டுப் போயிரும்."

"மஹ்ரூப் நானா..." என்றான் அடைக்கலம்.

"என் வாயால மொதலாளிக்குச் சொல்ல மாட்டேன். பெட்ரோல் எடு. கழுவுவோம்."

கழுவினார்கள். நெருப்பில் காட்டி எண்ணெயைப் பொசுக்கினார்கள். அரம் போட்டுச் சுரண்டினார்கள். புதுக்கருக்காக இருந்தது பட்டை. மறுநாள் வெறும் லொறியைக் கடைத்தெருச் சரிவில் இறக்கி மஹ்ரூப் மிதித்தபோது, கல்லில் அறைந்தாற்போல நின்றது. கடைவாசலில் நின்று பார்த்த முதலாளி கை தட்டினார். "பார்த்தியா? என் லொறியில ஒரு குத்தமும் இல்ல. நாளைக்கு லோடு."

எல்லோருக்கும் நிம்மதி. அடைக்கலத்துக்கு மட்டும் நெஞ்சில் கல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கழுவினதும் லொறி நிற்கிறது என்றால், எண்ணெய்தான் காரணம். எண்ணெய் விட்டது அவன். கூட்டாளியின் காலைத் தின்றது அவன் கை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கதறியது. வெளியே யாராவது செருப்புச் சத்தத்தோடு நடந்தால், போலீசுதான் என்று சுவரோரம் ஒண்டினான்.

அதைவிடப் பெரிய இடி ஒன்று விழுந்தது. லோடுக்காரர்களெல்லாம் முதலாளியின் கிட்டங்கிக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக் காம்பராக்களில்தான் குடியிருந்தார்கள். காம்பராவுக்கு ஓர் ஆள் வேலைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வீரசிங்கம் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவன் மனைவி பரிமளம் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு லொறியில் வந்து ஏறினாள். அடைக்கலம் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

"அண்ணே, பெட்டி எப்பிடித் தூக்குறதுன்னு சொல்லிக் குடுங்க" என்றாள் அவள்.

அவனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

லுணுகலையில் லோடு ஏறியது. வாலில் வழக்கம்போல உச்சிவரை அடுக்கினார்கள். முன்னால் மஹ்ரூப்புக்குப் பக்கத்தில் முதலாளியின் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். முதல் இறக்கத்திலேயே மஹ்ரூப்பின் முகம் மாறிப்போயிற்று. மிதி மறுபடியும் பலகையோடு போனது. வேகம் எடுக்காத இடம் என்பதால் அடைக்கலத்தின் கட்டையும், வீரசிங்கம் இடத்துக்கு வந்த புது ஆளின் கட்டையும் தாங்கின. நின்றார்கள். இழுத்தார்கள். ஊர்ந்தார்கள். பசறையைத் தாண்டி, ஏற்றமெல்லாம் ஏறி, பதுளைக்கு இறங்குகிற கடைசிச் சரிவின் தலைப்பில் மஹ்ரூப் லொறியை ஓரங்கட்டினார். இறங்கி வந்து ரோட்டுக் கல்லில் உட்கார்ந்தார்.

"இதுக்கு மேல நான் இறக்க மாட்டேன். எனக்குப் புள்ளைங்க இருக்கு" என்றார்.

கணக்குப்பிள்ளை பல்லைக் கடித்தார். "நேத்து மொதலாளி கண்ணு முன்னால நின்னுச்சே ஐயா!"

"நேத்து நின்னுச்சு. இன்னைக்கு நிக்கல."

"பட்டையில எண்ணெ இருக்கா பாருங்க" என்றான் ஒருவன். பார்த்தார்கள். துளி எண்ணெய் இல்லை. சக்கரம் தளர்ந்திருக்கிறதா என்று உலுக்கினார்கள். இல்லை. மிதி ஆணி தேய்ந்துவிட்டது என்றான் இன்னொருவன். மஹ்ரூப் அதை மாற்றி ஒரு மாதம்தான். இது முனியின் வேலை, சேவல் அறுக்காமல் புறப்பட்டோம் என்றான் மூன்றாமவன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பரிமளம்தான் கேட்டாள். "நேத்து வெறும் வண்டி. இன்னைக்குச் சுமை. வேற என்னண்ணே வித்தியாசம்?"

மஹ்ரூப் எழுந்தார்.

"இறக்குங்க. பூராவும் இறக்கிட்டு, ஒண்ணொண்ணா ஏத்துங்க. யாராவது கீழ படுத்து, மிதியிலருந்து பின்சக்கரத்துக்குப் போற கம்பியப் புடிச்சுப் பாக்கணும்."

சரிவின் தலைப்பில் நிற்கிற லொறிக்குக் கீழே யார் படுப்பது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடைக்கலத்தின் கால்கள் பின்னால் நகரத்தான் பார்த்தன. ஆனால் பரிமளம் அங்கே நின்றுகொண்டிருந்தாள். "நான் படுக்கிறேன்" என்று தன் குரல் சொல்வதை அவனே கேட்டான்.

நாலு சக்கரத்துக்கும் கட்டையும் கல்லும் வைத்தார்கள். பெட்டிகளை இறக்கினார்கள். அடைக்கலம் மல்லாந்து உள்ளே நகர்ந்தான். மேலே இரும்பு. முகத்தில் சேறு சொட்டியது. கரிந்த விளக்கெண்ணெயின் மிச்ச வாடை இன்னும் இருந்தது. கண்ணை மூடினால் வீரசிங்கத்தின் கால் தெரிந்தது. அதனால் மூடாமல் படுத்திருந்தான். கம்பியைப் பிடித்தான். மேலே மஹ்ரூப் பிரேக்கை லேசாக மிதித்தபடி இருந்தார். கம்பி விறைப்பாக, வீணைத் தந்தி மாதிரி இருந்தது.

பெட்டிகள் ஏறின. முன்பக்கம் நிரம்பியது. கம்பியில் மாற்றமில்லை. நடுப்பக்கம் நிரம்பியது. அப்போதும் விறைப்புத்தான். "இனி வாலு" என்று மேலிருந்து குரல் வந்தது. வாலில் முதல் வரிசை விழுந்தபோது, தலைக்கு மேலே சட்டம் முனகியது. இரண்டாவது வரிசையில் கம்பி அவன் பிடியில் மெல்ல அசைந்தது. வரிசை ஏற ஏற அது தளர்ந்து, கடைசியில் ஈரத்துணி காயப்போட்ட கொடி போலத் தொய்ந்துவிட்டது. மஹ்ரூப் மிதிப்பதெல்லாம் அந்தத் தொய்வை இழுப்பதிலேயே செலவாகிறது. சக்கரத்துக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை.

அவன் கத்தினான். "நானா! கம்பி தொவண்டு போச்சு! வாலு கீழ அமுங்குது, நடுச் சட்டம் மேல வில்லா வளையுது, கம்பி முனை ரெண்டும் கிட்ட வருது!"

வால் பெட்டிகளை இறக்கச் சொன்னார் மஹ்ரூப். கம்பி மறுபடி விறைத்தது. ஏற்றினால் தளர்ந்தது. மஹ்ரூப்பும் படுத்துப் பார்த்தார், பரிமளமும் குனிந்து கைவிட்டுப் பார்த்தாள். வெறும் லொறியில் எவ்வளவு முறுக்கி வைத்தாலும், வால் நிறைந்தால் பிரேக்கு இல்லை. சுமைக்கென்று கம்பியை இறுக்கி வைத்தால், வெறும் வண்டியில் சக்கரம் சுற்றாமல் பட்டை கருகும். குறை கம்பியில் இல்லை. குறை வாலில் இருந்தது. வாலை நீட்டியவர் முதலாளி.

அடைக்கலம் சேறோடு வெளியே வந்து உட்கார்ந்தான். கண்ணீர் வந்துவிட்டது. பாதி நிம்மதி, பாதி வெட்கம். பரிமளத்தைப் பார்த்துச் சொன்னான், முதல்தடவையாக நேருக்கு நேர் பார்த்து.

"பரிமளம், பட்டையில எண்ணெ ஊத்தினது நான். சத்தம் நிக்கட்டும்னு ஊத்தினேன். அதுவும் சேந்துதான் வீரசிங்கத்த..."

அவள் முகம் கல்லாகிவிட்டது. திரும்பிச் சரிவைப் பார்த்தாள். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்துகொண்டான் அவன்.

"எனக்கு வயிறு எரியுதுண்ணே. இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் பரிமளம். "ஆனா நீங்க ஊத்துறப்ப ரோதையச் சுத்திக் குடுத்தது யாரு? எம் புருசன். பெருமையா வந்து எங்கிட்டச் சொன்னாரு. தெரியாம செஞ்சீங்க ரெண்டு பேரும். தெரிஞ்சு வாலு வச்சவன் ஒருத்தன் இருக்கான்ல?"

கணக்குப்பிள்ளை இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டார். வாலைப் பற்றிய பேச்சு அவர் காதில் ஏறியதோ என்னவோ, எண்ணெய் பற்றிய பேச்சு நன்றாக ஏறியது. அந்த வழியாக வந்த தபால் வண்டியில் தொற்றிப் பதுளைக்கு இறங்கிவிட்டார்.

வெயில் உச்சிக்கு வரும்போது முதலாளியின் சின்னக் கார் புழுதியோடு ஏறி வந்தது. சரிகைக் கரை வேட்டி, கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு. லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வால் பெட்டிகள் ரோட்டோரம் அடுக்கியிருப்பதைக் கண்டார்.

"என்ன மஹ்ரூப், லொறி படுத்துக்கிச்சா, நீ படுத்துக்கிட்டியா?"

"பிரேக்கு இல்ல மொதலாளி. வாலில ஏத்தினா கம்பி தளருது. வந்து கைய வச்சுப் பாருங்க."

"நேத்து என் கண்ணால பார்த்தேன். அதுக்கு மேல என்ன பார்க்க?" என்ற முதலாளி, பிரம்பை அடைக்கலத்தின் பக்கம் நீட்டினார். "விசயம் எனக்குத் தெரியும். பட்டையில எண்ணெ ஊத்தினவன் இவன். இவன் வாயாலயே சொல்லியிருக்கான். ஒருத்தன் காலை எடுத்தது இவன். போலீசில ஒரு வார்த்தை சொன்னேன்னா கைவிலங்குதான். உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. வால் பெட்டிய ஏத்திட்டு எல்லாரும் ஏறுங்க. இவன் மட்டும் என்கூட வரட்டும்."

இதுதான் அடைக்கலம் பயந்த இடம். சரிவுகூட இவ்வளவு பயம் காட்டியதில்லை. அவனை விட்டுக்கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அன்றைய சோறு உண்டு, காம்பரா உண்டு, முதலாளியின் முகத்தில் சிரிப்பும் உண்டு. அவர்கள் இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். காற்றில் சவுக்கு மரங்கள் இரைந்தன.

"அவரு மட்டும் ஊத்தலைங்க. எம் புருசன் ரோதையச் சுத்துனாரு" என்றாள் பரிமளம்.

"நீ யாரும்மா நடுவுல?"

"கால் போனவன் பொஞ்சாதி."

பின்வரிசையில் ஒருவன் கனைத்தான். "எண்ணெ வாங்கியாந்தது நாந்தானுங்க. மொதலாளி கடையிலதான் வாங்குனேன்."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு எதையோ உடைத்துவிட்டது. ஒருவன் குப்பியைப் பிடித்ததாகச் சொன்னான். இன்னொருவன் விளக்குக் காட்டினானாம். அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவன்கூடத் தானும் ஊற்றியதாகச் சொன்னான். மஹ்ரூப் கடைசியாகச் சொன்னார். "டிரைவர் நான். வண்டியில என்ன ஊத்துறாங்கன்னு பாக்காதது என் தப்பு. போலீசுக்குப் போறதுன்னா எல்லாரும் போவோம். அங்க இந்த வாலையும் காட்டுவோம்."

முதலாளியின் மூக்கு நுனி சிவந்தது. "எனக்குச் சட்டம் சொல்லிக் குடுக்குறியா?"

"சட்டம் வேணாங்க" என்றாள் பரிமளம். "வால் பெட்டிய நாங்களே ஏத்துறோம். மஹ்ரூப் நானா ஓட்டட்டும். நாங்களும் எல்லாரும் வர்றோம். முன் சீட்டுல நீங்க உக்காருங்க. ஏறுங்க மொதலாளி. உங்க லொறிதானே? ஒரு குத்தமும் இல்லாத லொறிதானே?"

முதலாளி லொறியைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். கீழே, சவுக்குமர முடக்கில், மண்மேட்டில் முட்டிய தழும்பு இன்னும் ஆறாமல் சிவப்பாகத் தெரிந்தது. கோட்டுப் பித்தானைத் திருகினார்.

"எனக்குக் கடையில ஆயிரம் சோலி" என்றார்.

வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் வாய் என்ன சொன்னாலும், கால் ஒரு அடி பின்னால் போனதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"அப்ப வாலை வெட்டுங்க" என்றான் அடைக்கலம். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம். "வாலை வெட்டுற வரைக்கும் பெட்டி ஏறாதுங்க. வீரசிங்கத்தோட காம்பராவையும் பறிக்கக் கூடாது."

"காம்பராவா? எல்லாரும் விடியறதுக்குள்ள காலி பண்ணுங்கடா! ஹாலிஎலயில சோத்துக்கு இல்லாம ஆயிரம் பேர் நிக்கிறான். இன்னைக்கே ஏத்திக்கிட்டு இறங்குறேன் பார்!"

கார் திரும்பிப் புழுதியைக் கக்கிவிட்டு இறங்கியது. அது முடக்கில் மறைந்ததும் தெம்பெல்லாம் வடிந்துவிட்டது. ஒருவன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். வீட்டில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருக்கிறாள், மழைக்காலம், எங்கே போவது என்று இன்னொருவன் முணுமுணுத்தான். யாரும் அவனைக் கோழை என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் அதே பயம்தான். மஹ்ரூப் தம் மதியச் சாப்பாட்டு ரொட்டியைப் பிய்த்து எல்லோர் கையிலும் ஒரு துண்டு வைத்தார். பசி தீரவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவுமில்லை.

வெயில் சாயும் நேரத்தில் மாட்டுவண்டி ஒன்று ஏறி வந்தது. முன்னால் கணக்குப்பிள்ளை. பின்னால் ஹாலிஎல குட்ஷெட்டில் மூட்டை தூக்குகிற ஆட்கள். கழுத்தோரத்தில் அதே காய்ப்பு, தலையில் அதே சாக்கு. அவர்களுக்கு மேஸ்திரி போல நின்றவன் பலீல் என்ற நெட்டை மனுசன், லொறி ஓட்டவும் தெரிந்தவன்.

"ம், பெட்டிய ஏத்துங்க" என்றார் கணக்குப்பிள்ளை.

அடைக்கலம் எழுந்து அவர்கள் முன்னால் போய் நின்றான். கும்பிடவுமில்லை, வழிமறிக்கவுமில்லை. "ஏத்துங்க, தடுக்க மாட்டோம்" என்றான். "ஏத்துறப்ப உங்கள்ல ஒருத்தர் கீழ படுத்து அந்தக் கம்பியப் புடிச்சுப் பாருங்க. பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

பலீல் அவனையும் பரிமளத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சாக்கைத் தரையில் விரித்து உள்ளே நகர்ந்தான். அவனுடைய ஆட்கள் வாலில் ஒரு வரிசை ஏற்றினார்கள். இரண்டு வரிசை. சட்டம் முனகியது. கீழேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது.

வெளியே வந்தபோது பலீலின் முகம் வெளிறியிருந்தது. கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். "கணக்குப்புள்ள, எங்களுக்கும் கால் ரெண்டுதான்" என்றான். "இதுல நாங்க ஏற மாட்டோம்."

"மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இதையே சொல்லுங்க."

ரோட்டோரத்தில் கிடந்த கருங்கல் ஒன்றைப் புரட்டி எடுத்துவந்து, முன்சக்கரத்தடியில் ஏற்கெனவே இருந்த கல்லோடு சேர்த்து வைத்தான் பலீல். பிறகு பரிமளத்துக்குச் சற்றுத் தள்ளி, ரோட்டுக் கல்லில் உட்கார்ந்துகொண்டான். அவனோடு வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். மாட்டுவண்டி கணக்குப்பிள்ளையோடு தனியாக இறங்கிப் போயிற்று.

நாளைக்குப் போலீசு வரலாம். காம்பராக் கதவுகளில் முதலாளியின் பூட்டுத் தொங்கலாம். ஆஸ்பத்திரியில் வீரசிங்கம் காய்ச்சல் மயக்கம் தெளிந்து, கால் எங்கே என்று கேட்கலாம். அடைக்கலத்தின் பயமும் போகவில்லை, அது அவன் கூடப் பிறந்தது. ஆனால் இத்தனை காலமும் அதைத் தனியாகச் சுமந்தவன், இப்போது இத்தனை பேர் நடுவில் அதோடு உட்கார்ந்திருந்தான்.

எழுந்து லொறிக்குப் பின்னால் போனான். பின்சக்கரத்தை அவனுடைய கட்டை கவ்வியபடி இருந்தது. அதன் கயிறு புழுதியில் நீண்டு கிடந்தது. யார் வந்து இழுத்தாலும் கட்டை வரும், லொறி ஓடும். அடைக்கலம் மண்டியிட்டான். சேறு பிடித்து இறுகிப்போன முடிச்சைப் பொறுமையாக நெகிழ்த்தி, கயிற்றைக் கட்டையிலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டான்.